துரையின் மேஷமும் நமது சித்திரையும்

அமெரிக்காவில் நெவார்க் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தம்பி வீட்டுக்கு என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டவள் நான். எதையும் முழுதாகச் சொல்லாவிட்டால் தொண்டையில் முள் நிற்கும். "தம்பி வீட்டுக்கு. கூடவே ஓர் இங்கிலாந்து ஜோதிடரின் புத்தகங்களைப் பார்க்கவும்" என்றேன்.

"அவர் எங்கே இருக்கிறார்?"

"அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது."

"அப்படியென்றால் பழைய புத்தகங்கள்."

"இல்லை. இந்த வருடமும் ஒன்று வந்திருக்கிறது."

அவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் புரிந்தது. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டு மாதமாக நானே அந்தக் குழப்பத்தில்தான் இருந்தேன். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து ஜோதிடர் ஒருவர் எழுதிய ஜாதகக் கையேட்டைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தது. பெயர்த்தேன். கடைசியில் அவருடைய நூல்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மனிதர் ஒரு தேவதூதரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு ஜாதகம், கனவுப் பலன், வருட பலன் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். அவர் போன பிறகு வேறொருவர் அதே பெயரில் எழுதினார். அவரும் போன பிறகு இன்னொருவர். ஒவ்வொரு வருடமும் கிரக நிலைகளை அச்சிட்டுத் தரும் மெல்லிய புத்தகம் மட்டும் இன்றுவரை அதே பெயரோடு நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் என்ற இடத்தில் நான் யாரைப் போடுவது? எழுதி எழுதிக் கை வலித்து, அவரைத் 'துரை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

ஜெர்சி சிட்டியில் தம்பி ரவியின் வீடு ஜர்னல் ஸ்கொயரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. ரவி ஒரு வங்கிக்குக் கணினி வேலை செய்கிறான். இருபது வருடமாக அதே வங்கி, இருபது வருடமாகக் காண்ட்ராக்ட். அவன் மனைவி மாலா பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரண்டு பேரும் காலையில் கிளம்பிப் போய்விட்டால் நானும் ஃப்ரிட்ஜும்தான். கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை. திருச்சியில் மணி என்ன என்று தெரிந்தால்தான் எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது தெரியும். அதனால் காலை எட்டரைக்கு எழுந்து, மாலை ஆறாகிவிட்டதே என்று பதறி விளக்கேற்றினேன்.

மூன்றாம் நாள் மன்ஹாட்டனில் பெரிய நூலகம் ஒன்றைப் பார்க்கத் தனியாகப் போனேன். போனது சரியாகத்தான் போனேன். திரும்பும்போது வந்து நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்து, இறங்கிப் பார்த்தால் ஆற்றங்கரையில் வேறு ஏதோ ஊர். பலகையில் ஹோபோக்கன் என்று எழுதியிருந்தது. மேலும் கீழும் நடந்துகொண்டிருந்த என்னிடம் தொப்பி வைத்த இளைஞர் ஒருவர் வந்தார்.

"அம்மா, தமிழா? எங்க போகணும்?"

கீழக்கரைக்காரர். பக்கத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறாராம். ஜர்னல் ஸ்கொயர் என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா. இங்க புதுசா வர்றவங்க எல்லாருமே ஒருதடவ ஹோபோக்கன் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க" என்று சொல்லி, சரியான ரயிலில் ஏற்றிவிட்டு, கதவு மூடும் வரை நின்றார். திருச்சியில் நான் தப்பான பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் திட்டுவார். திட்டு வாங்காமல் வழி தெரிந்துகொண்டது எனக்கு ஏதோ குறையாகவே இருந்தது.

அன்று மாலை ரவி தோசை வார்த்தான். மாவு கடையில் வாங்கியது, சட்னி மாலா அரைத்தது. துரையைத் தேடிப் போய் ஹோபோக்கனைப் பார்த்த கதையைச் சொன்னதும் தோசைக் கரண்டியோடு உள்ளே போய் மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான்.

"அக்கா, நீ தேடற ஆளு இவரா பாரு."

துரையேதான். நித்யா பிறந்த வருடத்துக் கிரக நிலைப் புத்தகம். ரவியின் ஒரே மகள் நித்யா இதே ஊரில் பிறந்தவள், இப்போது கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்தொன்பது.

"இது எப்படிடா உங்கிட்ட?"

"நித்யா பொறந்தப்ப திருச்சில ஜோசியருக்கு போன் பண்ணேன். அமெரிக்காவுக்கு எங்கிட்ட கணக்கு இல்லன்னுட்டாரு. பழைய புஸ்தகக் கடைல இது கெடச்சுது. நானே உக்காந்து ஜாதகம் போட்டேன். லாங்கிட்யூட், லாட்டிட்யூட், வெயில் காலத்துல கடிகாரத்த ஒரு மணி தள்ளி வைக்கற டேலைட் சேவிங் எல்லாம் கரெக்டா கழிச்சு."

"இப்பதான் போன்லயே ஜாதகம் வருதே, மறுபடி ஒருதடவை போட்டுப் பாக்கறது."

"எவன் எழுதின ப்ரோகிராமோ, அத யாரு நம்புவா?" என்றான், முப்பது வருடமாக ப்ரோகிராம் எழுதிச் சாப்பிடுகிற என் தம்பி.

பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஜாதகம் இருந்தது. பன்னிரண்டு கட்டம், அடிக்கோல் வைத்துப் போட்டது. கீழே சந்திரன், கடகம், 25 பாகை, ஆயில்யம் என்று முத்து முத்தான எழுத்து. எழுத்து அழகாக இருக்கிறதே என்று பாராட்டினேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாலா ஜாதகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த ஆயில்யத்தாலதான் அண்ணி எல்லாம். ரெண்டு எடம் ஏற்கெனவே போச்சு. இப்ப அவளே பாத்துக்கிட்ட பையன். அவங்க அம்மா ஸ்டார் என்னன்னு கேட்டாங்களாம், ஆயில்யம்னு சொன்னதும் வேண்டாம்னுட்டாங்களாம்."

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பியது என்று தெரியாது. கிளப்பியவருக்கு மருமகள் மேல் கோபம் இருந்திருக்கும். கல்லில் இருந்த தோசை கருகியது.

அடுத்து நித்யாவைப் பார்க்கப் போன சான் ஹோசேயில் நேரம் இன்னும் மூன்று மணி பின்னால் போய்விட்டது. என் கடிகாரம் இதற்கு மேல் என்னைப் பொறுப்பேற்க முடியாது என்ற நிலைக்கு வந்தது. நித்யா விமான நிலையத்தில் "அத்தை" என்று கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. அவள் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் மெக்சிகோக்காரர் கடையில் மக்காச்சோள ரொட்டிக்குள் கருப்பு பீன்ஸ் வைத்துத் தந்தார்கள். பச்சையாக ஒரு சட்னி. கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் நம் கணக்கில்தான் இருந்தன. சாப்பிட்டுக்கொண்டே இது தமிழ்நாடு, கொஞ்சம் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஓட்டுநர் இல்லாத காரில் கூட்டிப்போனாள். ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்து நான் முன் சீட்டின் பின்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வளைவில் என்னை அறியாமல் "மெதுவா போப்பா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஒரு வசதி இருந்தது. திருச்சியில் ஆட்டோவில் குடும்பக் கதை பேசினால் ஓட்டுநர் ஆலோசனை சொல்வார். இங்கே கேட்க ஆள் இல்லை. நித்யா அந்தக் காரில்தான் வாய் திறந்தாள்.

பையன் பெயர் கார்த்திக். மூன்று வருடப் பழக்கம். அவன் அப்பா அம்மா டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருக்கிறார்கள். அம்மா இவளோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாராம். தீபாவளிக்குப் புடவைகூட அனுப்பினாராம். கல்யாணப் பேச்சு வந்ததும் நட்சத்திரம் கேட்டார், இவள் சொன்னாள், அன்றோடு போன் நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றப் போகிறார்கள். அம்மா மனசை உடைத்து இப்போது எதுவும் செய்ய முடியாது என்று கார்த்திக் சொல்லிவிட்டான்.

"நீ இதெல்லாம் நம்பறியாடி?" என்று கேட்டேன்.

"நம்பவில்லை அத்தை. ஆனால் என் இருபத்தொன்பது வருடத்தில் நான் செய்யாத ஒரு தப்புக்கு மூன்றாவது தடவை வேண்டாம் என்கிறார்கள். நம்பாமல் இருப்பதால் வலிக்காமல் இல்லை" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் ஒரு சிவப்பு விளக்கில் மிகவும் பொறுமையாக நின்றது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்த்திக்கின் அப்பா ஒரு டாக்டர், ஓய்வு பெற்றவர், உங்கள் துரையின் புத்தகங்கள் ஓர் அலமாரி முழுக்க வைத்திருக்கிறார் என்றாள். நான் வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். புத்தகம் பார்க்க என்னை அனுப்புகிறாளா, தூது போக அனுப்புகிறாளா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இறங்கும்போது நான் காலியான ஓட்டுநர் இருக்கைக்கு நன்றி சொன்னேன்.

காப்பெலில் மணி மறுபடி முன்னால் போயிருந்தது. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். டாக்டர் சந்தானம் வந்து அழைத்துப் போனார். எழுபது வயதிருக்கும், மதுரைப் பக்கம். ஃப்ரீவேயில் எண்பது மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டே துரையின் இரண்டாம் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். ஓட்டுநர் இல்லாத காரே தேவலை என்று தோன்றியது.

அவர் மனைவி விஜயா வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியானவர், மூச்சு வாங்கிப் பேசுகிறவர். தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, கொதிக்கும் வெயிலிலும் பச்சையாக. குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் தூக்கி வைத்து ஹீட்டர் போடுவார்களாம். வெந்தயக் குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்தார். மாலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். வாகன நிறுத்தம் பெரியது, கோயில் அளவானது. அர்ச்சனைக்கு வரிசையில் நின்று பெயர் சொல்ல வேண்டும்.

"சந்தானம், உத்திரம். பையன் கார்த்திக், ரோகிணி" என்றார் விஜயா.

"அம்மாவுக்கு?" என்று அர்ச்சகர் கேட்டார்.

"எனக்கு வேண்டாம் சாமி."

அர்ச்சகர் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டை வாங்கிக்கொண்டார். பழகிய பதில் போலிருக்கிறது. அடுத்த மாதம் நெஞ்சைத் திறக்கப் போகிறவர், தன் பெயருக்கு ஓர் அர்ச்சனை வேண்டாம் என்கிறாரே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்கவில்லை. முதல் நாளே கேட்கக் கூடாது.

மறுநாள் காலை டாக்டர் அலமாரியைத் திறந்தார். எட்டு மாதமாகப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்த புத்தகங்கள் உடம்போடு நின்றன. தோல் அட்டை போட்ட கையேடு, கனவுப் பலன், ஜாதக வீடுகளின் அட்டவணை, வருடவாரியாக மெல்லிய புத்தகங்கள் வரிசையாக. யார் எந்தத் துரை என்று டாக்டர் பென்சிலால் சீட்டு எழுதிச் செருகியிருந்தார். முதலாமவர், இரண்டாமவர், யாரென்று தெரியாதவர். எனக்கு அந்தச் சீட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"டாக்டர், உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா?"

"துளியும் கிடையாது மேடம்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

அவர் காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார். காப்பியைக் கொண்டுவந்தது விஜயா. எதிரே உட்கார்ந்தார்.

"அது எனக்காக வாங்கினது, வசந்தாக்கா" என்றார். "நானும் ஆயில்யந்தான். கல்யாணம் ஆகி மூணாம் மாசம் மாமியார் போயிட்டாங்க. முன்னாடியே சர்க்கரை, கிட்னி எல்லாம் இருந்துச்சு. ஆனா வீட்ல ஒருத்தரும் அதச் சொல்லல. துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் என்னைத்தான் பாத்தாங்க. நாத்தனார் என்கூட இன்னிக்கு வரைக்கும் சரியா பேசினதில்ல. நாங்க இந்த ஊருக்கு வந்த புதுசுல இவர் யார் வீட்லயோ பழைய சாமான் விக்கறாங்கன்னு போயி அந்தப் பெரிய புஸ்தகத்த வாங்கிட்டு வந்தார். ஒக்காந்து முழுசாப் படிச்சுட்டு, பாரு விஜி, இவ்வளோ பெரிய ஜோசியப் புஸ்தகத்துல ஆயில்யமும் இல்ல, மாமியாரும் இல்லன்னார். அப்புறம் ஒண்ணொண்ணா வாங்கிக்கிட்டே இருந்தார். எதுலயாவது இருக்கப் போகுதுன்னு எனக்குத்தான் பயம்."

"எதுலயும் இல்லையே?"

"இல்ல. ஆனா எனக்கு ஆறலக்கா."

என் காப்பி ஆறிப்போயிருந்தது. நான் நேராகவே கேட்டேன். "இவ்வளவு பட்டுட்டு, அந்தப் பொண்ணையும் ஆயில்யம்னு வேண்டாம்னு சொல்லிட்டீங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதனாலதான் சொன்னேன். அடுத்த மாசம் ஆபரேஷன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க ஆளுங்க யாரைச் சொல்லுவாங்க? நிச்சயம் பண்ணின ஒடனே மாமியாரை முழுங்கிட்டான்னு அவளைத்தான் சொல்லுவாங்க. நான் நாப்பது வருஷம் சொமந்தத அவ சொமக்கணுமா? எனக்கு அவளைப் புடிக்காம இல்ல. புடிச்சதாலதான் போனையே நிறுத்தினேன். பேசினா அழுதுடுவேன்."

கல் மனசுக்காரி ஒருத்தியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வந்தவள் நான். கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது.

அன்று முழுக்க நான் பட்டியல் எழுதினேன். மனம் அதில் இல்லை. மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, அந்தத் தோல் அட்டைக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து என் மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். துரையின் மேஷம், பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதத்து நாளில் தொடங்குகிறது. அந்த இடத்தில் நானே ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். 'நம் பஞ்சாங்கத்தில் மேஷம் சித்திரை முதல் நாளில்தான் பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இருபத்துநான்கு பாகை வித்தியாசம். ஆங்கிலக் கணக்கிலிருந்து அதைக் கழித்த பிறகே நம் ராசியும் நட்சத்திரமும் கிடைக்கும். வாசகர்கள் கவனிக்க.'

வாசகர்கள் கவனிக்க என்று எழுதியவள் கவனிக்கவில்லை. ரவி தீர்க்கரேகையைக் கழித்தான், டேலைட் சேவிங்கைக் கழித்தான். இதைக் கழித்தானா? துரையின் கடகம் 25 பாகையை அப்படியே எடுத்து நம் கட்டத்துக்குள் வைத்து, ஆயில்யம் என்று முத்து எழுத்தில் எழுதிவிட்டான். இருபத்தைந்தில் இருபத்துநான்கு போனால் ஒன்று. கடகத்தின் முதல் பாகை.

சரியாக அந்த நேரத்தில் ஊர் முழுக்க ஒரு சங்கு ஊத ஆரம்பித்தது. போர் வந்துவிட்டது போன்ற சத்தம். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் ஓடி வந்தார்.

"மேடம், ஒண்ணுமில்ல. சூறாவளி சைரன். மாசம் ஒருதடவ ஊதி டெஸ்ட் பண்ணுவாங்க. வெளிய வாங்க."

"டாக்டர், கடகத்துல ஒரு பாகைன்னா என்ன நட்சத்திரம்?" என்றேன், படிக்கு அடியிலிருந்தே.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "புனர்பூசம், நாலாம் பாதம். ஏன்?"

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அவர் போனில் ஜாதகச் செயலியில் நித்யா பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் போட்டார். ராசி கடகமேதான். நட்சத்திரம் புனர்பூசம். ராசி மாறாததால்தான் இத்தனை வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறொரு செயலியிலும் போட்டுப் பார்த்தோம். புனர்பூசம்.

முதலில் ரவிக்கு போன் செய்தேன். வேலையில் இருந்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"டேலைட் சேவிங் கூட கழிச்சேனே அக்கா" என்றான். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டு எடம் போச்சே. அவ எதிர்லயே பேசினாங்களே. எல்லாம் நான் போட்ட கணக்கா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீ ஆசையாத்தான்டா போட்ட" என்று மட்டும் சொன்னேன்.

விஜயா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். "அப்ப அந்தப் பொண்ணு ஆயில்யமே இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். விஜயா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த கையோடு அது நின்றுவிட்டது.

"என்னோடது?" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னுது மதுரைல பஞ்சாங்கத்த வெச்சுப் போட்டது விஜி. நான் எப்பவோ பாத்துட்டேன். அது சரியாத்தான் இருக்கு."

"தெரியும். சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒருத்தியை விடுவித்த கணக்கு இன்னொருத்தியை அங்கேயே விட்டுவிட்டது. நல்ல செய்தியைச் சொன்னோமா, கெட்ட செய்தியைச் சொன்னோமா என்று எனக்கே விளங்கவில்லை. டாக்டருக்கும் விளங்கவில்லை என்பது அவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

நித்யாவைக் கூப்பிட்டது விஜயாதான். போனை மேஜைமேல் வைத்து எல்லாரும் கேட்கும்படி பேசினார். நட்சத்திரம் தப்பாகிவிட்ட கதையைச் சொன்னார். பிறகு தன் கதையையும் சொன்னார், மூன்றாம் மாதத்திலிருந்து, ஒன்றையும் விடாமல். மகன் வளர்ந்து பெரியவனான பிறகும் அவனிடம் சொல்லாத கதையாம் அது. "இனிமே ஒனக்குக் கவலையில்லம்மா. நீ புனர்பூசம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று முடித்தார்.

நித்யா வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் ஏதாவது சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தமிழில் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"ஆன்ட்டி, நான் ஆயில்யமாவே இருக்கேன். ஆபரேஷன் அன்னிக்கு லீவ் போட்டு அங்க வரேன். ஹாஸ்பிட்டல்ல உங்ககூட இருக்கேன். உங்களுக்கு நல்லா ஆயிடும். அப்ப எல்லார்கிட்டயும் சொல்லலாம், வீட்டுக்கு ஒரு ஆயில்யம் வந்தா, நல்லாயிடுச்சுன்னு."

விஜயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேசினால் அழுதுவிடுவேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. டாக்டர் எழுந்து போய் அலமாரியின் முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் அழுதேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் கோயிலுக்குப் போனோம். வேலை நாள் என்றாலும் வரிசை இருந்தது. எங்களுக்குப் பின்னால் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு, பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையோடு.

"சந்தானம், உத்திரம். கார்த்திக், ரோகிணி" என்றார் விஜயா. "அப்புறம் நித்யா, கடக ராசி."

"நட்சத்திரம்?"

"அவளுக்குப் புனர்பூசம். ஆனா ஆயில்யம்னு சொல்லச் சொல்றா."

அர்ச்சகர் தட்டை வைத்துக்கொண்டு விழித்தார். "ரெண்டுல எதம்மா சொல்லட்டும்?"

"ரெண்டையும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நெவார்க் அதிகாரி பார்த்த அதே பார்வை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சரியென்று வழக்கம்போல அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார். விஜயா நகரவில்லை.

"சாமி, இன்னும் ஒரு பேர் இருக்கு" என்றார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற குரல். அவருக்கு அவ்வளவு மூச்சு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"விஜயா. கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம்."